ப்ரீஆம்புக்கு மூன்று படி கெயின் போட்ட அனுபவம்

என் ப்ரீஆம்பின் (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வால்யூம் குமிழ், கடிகார முள் கணக்கில், ஏழு மணியில் தொடங்கி ஐந்து மணியில் முடிகிறது. இதில் நான் உருப்படியாகப் பயன்படுத்தி வந்தது ஏழரைக்கும் எட்டரைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடம் மட்டும். ஒன்பதைத் தாண்டினால் பவர் ஆம்ப் கிழிய ஆரம்பித்துவிடும். மீதி முக்கால்வாசிச் சுற்று சும்மா கிடந்தது.

காரணம் எளிய கணக்குதான். ப்ரீஆம்பில் ஒரு 5532 ஐசி, அதில் சேனலுக்கு ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கும் சர்க்யூட்). அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 10கே (10,000 ஓம்), கீழே கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் 1கே. ஆக கெயின், அதாவது பெருக்கும் அளவு, 11 மடங்கு, டெசிபலில் சொன்னால் 21 பக்கம். ட்யூனரும் டேப்பும் 150 மில்லிவோல்ட் தந்துகொண்டிருந்த காலத்துக்கு அது சரியான அளவு. இப்போது அதில் நான் சொருகியிருப்பது 2 வோல்ட் தரும் ஒரு யுஎஸ்பி டேக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி, DAC). பின்னால் இருக்கும் பவர் ஆம்ப் 3886 ஐசி, ±28 வோல்ட் சப்ளை, கெயின் 21 மடங்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் அது முழு மூச்சாகத் தரக்கூடிய 38 வாட்டுக்கு, அதன் வாசலில் 0.83 வோல்ட் கொடுத்தாலே போதும். ப்ரீஆம்போ 22 வோல்ட் தரத் துடிக்கிறது! அது முடியாது, 13 வோல்ட்டிலேயே முட்டி நின்றுவிடும். எப்படியும் குமிழில் 28 டெசிபல் அடக்கி வைத்தால்தான் காரியம் ஆகும்.

அடக்கி வைப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். குமிழுக்குப் பின்னால் இருப்பது 50கே லாக் வகை இரட்டைப் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், இடது வலது இரண்டுக்கும் ஒரே தண்டு), விலை மலிவானது. இந்த மலிவுப் பாட்களில் இடதும் வலதும் நடுச்சுற்றில் நன்றாகவே ஒத்துப்போகும், அடிச்சுற்றில்தான் உறவு அறுந்துவிடும். எட்டு மணியில் வைத்து அளந்தேன். இடது 11 மில்லிவோல்ட், வலது 16. மூன்று டெசிபலுக்கு மேல் வித்தியாசம். ராத்திரியில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது பாடுபவர் நடுவில் நிற்காமல் வலது ஸ்பீக்கர் பக்கம் ஒதுங்கியே நின்றதற்கு அதுதான் காரணம். பன்னிரண்டு மணியில் வைத்தால் அதே பாட்-இல் வித்தியாசம் அரை டெசிபலுக்கும் குறைவு.

கெயினை நிரந்தரமாகக் குறைத்திருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அதே பெட்டியில் பழைய கேசட் டெக் ஒன்றும் ஓடுகிறது. அது 0.3 வோல்ட்டைத் தாண்டாது. போனின் ஹெட்போன் துளையிலிருந்து வருவது அரை வோல்ட் பக்கம். டேக்குக்கு மட்டும் இன்புட்டில் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைக்கலாம் என்று நண்பர் சொன்னார். முதலில் சிக்னலைக் குறைத்துவிட்டுப் பிறகு 11 மடங்கு பெருக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ட்வீட்டரில் (கூர்மையான ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதை வைத்தால் கேட்கும் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அப்படியே இருக்கும். பாட் முன்னால், ஆப்-ஆம்ப் பின்னால் என்ற அமைப்பில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஐசியின் இரைச்சல் 11 மடங்காகத்தான் வெளியே வரும். கெயினைக் குறைத்தால்தான் அதுவும் குறையும்.

ஆகவே மூன்று படிகள்: டேக்குக்கு 2 மடங்கு, போனுக்கு 4, கேசட் டெக்குக்கு 8. துல்லியமாக அதே எண்கள் வர வேண்டும் என்று இல்லை. படிக்குப் படி ஆறு டெசிபல் சுமாருக்கு இருந்தால் போதும்.

முதலில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றிப் பார்த்தேன். மூன்று நிலை ரோட்டரி சுவிட்ச், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மேல் ரெசிஸ்டர், கீழே அதே 1கே. படத்தில் பார்த்தால் அழகாக இருக்கும். பிரெட்போர்டில் போட்டு, செத்துப்போன டிவி ஒன்றிலிருந்து கழற்றிய நாலு அங்குல ஸ்பீக்கரை பவர் ஆம்பில் மாட்டி, சுவிட்ச்சைத் திருப்பினேன். ‘டமார்’. கோன் முன்னால் துள்ளித் திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது. நல்ல ஸ்பீக்கர் அதில் இருந்திருந்தால் ட்வீட்டருக்கு அன்றைக்கே காரியம்.

கடையில் கிடைக்கும் ரோட்டரி சுவிட்ச் பெரும்பாலும் ஒரு முனையை விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். அந்த இடைப்பட்ட நேரத்தில் ஃபீட்பேக் என்பதே இல்லை. ஆப்-ஆம்ப் நேராகப் போய் சப்ளை விளிம்பில் மோதி நிற்கும், 3886 அதை இன்னும் பெருக்கி ஸ்பீக்கரில் கொட்டும். குறுக்கே நிரந்தரமாக ஒரு 100கே போட்டுப் பார்த்தேன். விளிம்புவரை போகவில்லை, ஆனால் அந்தக் கணத்துக்குக் கெயின் 101 மடங்கு. அதுவும் வேண்டாம். அடுத்த முனையைத் தொட்ட பிறகே பழையதை விடும் ஷார்ட்டிங் வகை சுவிட்ச் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு நாள் தேயும், முனை கறுக்கும். தொடர்பு அறுந்தால் சத்தம் கூடும் என்ற அமைப்பையே ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்க நான் தயாராக இல்லை. அறுந்தால் சத்தம் குறைய வேண்டும்.

அப்படியானால் மேலே இருப்பதைத் தொடக்கூடாது, கீழே இருப்பதைத்தான் மாற்ற வேண்டும். ஃபீட்பேக் 4.7கே, நிரந்தரம். கீழே ஒரு 4.7கே, அதுவும் நிரந்தரம். இதுவே 2 மடங்கு, 6 டெசிபல். கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக 2.2கே சேர்த்தால் 4.14 மடங்கு, 12.3 டெசிபல். அதற்குப் பதில் 820 ஓம் சேர்த்தால் 7.73 மடங்கு, 17.8 டெசிபல். எல்லாமே எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண மதிப்புகள். சுவிட்ச் எதையும் தொடாத நேரத்தில் கெயின் 2-க்கு இறங்கும், அவ்வளவுதான். 5532 ஒரு மடங்குக் கெயினிலும் நிலையாக நிற்கும் ஐசி என்பதால் இந்த விளையாட்டு சாத்தியம். ஒற்றை ஆப்-ஆம்பான 5534 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது 3 மடங்குக்குக் கீழே போனால் 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவில் 22 பைக்கோ கண்டன்சர் கேட்கும்.

அடுத்து கண்டன்சர் விவகாரம். எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான்.

கீழ் ரெசிஸ்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் இருக்கும். டிசியைப் பெருக்காமல் இருக்க அது வேண்டும். முதல் வயரிங்கில் மூன்று ரெசிஸ்டருக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று வைத்தேன். கெயினை மாற்றும்போதெல்லாம் ‘டொப்’ என்று ஒரு சத்தம். டமார் அளவுக்கு இல்லை, ஆனால் ஊஃபர் (அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) நகர்வது தெரிந்தது. மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஃபீட்பேக் வந்து சேரும் 2-ஆம் காலைத் தொட்டேன்: மைனஸ் 17. 5532-இன் இன்புட் கால் கொஞ்சம் கரண்டை உள்ளே இழுக்கும். அந்தக் கரண்ட், சிக்னல் நுழையும் 3-ஆம் காலில் இருக்கும் 100கே வழியாக வருவதால் இந்த மைனஸ். புதிதாகச் சேரும் கண்டன்சரில் சார்ஜ் இல்லை, அதன் தலை பூஜ்ய வோல்ட்டில் கிடக்கிறது. 820 ஓம் வழியாக அது −17 மில்லிவோல்ட்டில் போய் ஒட்டும்போது அவுட்புட் கிட்டத்தட்ட 100 மில்லிவோல்ட் குதிக்கிறது. பவர் ஆம்ப் 21 மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கரில் 2 வோல்ட். டொப்.

தீர்வு ஒரு கண்டன்சரைக் கூட்டுவதில் இல்லை, இரண்டைக் கழற்றுவதில் இருந்தது. மூன்று ரெசிஸ்டரின் கீழ்முனைக்கும் சேர்த்து ஒரே ஒரு கண்டன்சர், 220 மைக்ரோ. நிரந்தர 4.7கே எப்போதும் அதோடு இணைந்தே இருப்பதால் அது −17 மில்லிவோல்ட்டுக்கு ஏற்கெனவே சார்ஜ் ஆகியிருக்கும். சுவிட்ச்சை ரெசிஸ்டருக்கும் அந்தக் கண்டன்சருக்கும் நடுவில் வைத்தேன். திறந்திருக்கும்போது 2.2கே-யின் தொங்கும் முனையும் அதே −17-இல்தான் இருக்கும், ஏனென்றால் அதன் வழியே டிசி கரண்ட் ஓடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட்டேஜ் என்றால் சேர்க்கும்போது குதிக்க எதுவும் இல்லை. ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. சுவிட்ச்சின் ‘க்ளிக்’ மட்டும் காதில் கேட்டது.

இங்கே ஒரு சின்ன விஷயம்: டிசி மைனஸ் என்பதால் கண்டன்சரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பார்ப்பவர்கள் தலைகீழாக மாட்டியிருக்கிறாய் என்பார்கள். மீட்டரை வைத்துக் காட்டினால் அடங்கிவிடுவார்கள். 220 மைக்ரோ அதிகம் என்று தோன்றலாம். அதிகக் கெயினில் கீழ் ரெசிஸ்டர் மொத்தம் 700 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 220 போட்டால் பெருக்கப்படும் ஒலியின் கீழ் எல்லை 1 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். பழைய 22 மைக்ரோவையே விட்டிருந்தால் 10 ஹெர்ட்ஸுக்கு ஏறியிருக்கும். 25 வோல்ட் 220 மைக்ரோ ஐந்து ரூபாய். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சர்க்யூட் சரியானதும் முகப்புப் பலகையில் துளை போட்டு, நடுவில் ஆஃப் உள்ள டபுள் போல் டாகிள் சுவிட்ச்சை மாட்டினேன். மேலே தள்ளினால் 12, கீழே தள்ளினால் 18, நடுவில் 6 டெசிபல். ஐசியிலிருந்து சுவிட்ச் வரை ஒரு சாண் ஒயர். ரெசிஸ்டர்களை ஐசியின் காலுக்குப் பக்கத்திலேயே வைத்து, ரெசிஸ்டருக்குப் பிந்திய முனைகளை மட்டும்தான் ஒயரில் கொண்டுபோனேன். 2-ஆம் காலை நேராக ஒயரில் இழுத்தால் அது ஆன்டெனா ஆகிவிடும். அப்படியும் அதிகக் கெயினில் ‘உர்ர்ர்’ என்று மெல்லிய ஹம். ஒயர்களை முறுக்கினேன், குறைந்தது, போகவில்லை. ஷீல்டு ஒயர் போட்டேன், அதே நிலைதான். பெட்டிக்குள் இருக்கும் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் சாதாரணத் தகட்டு வகை, முகப்பிலிருந்து நாலு விரல் தூரம்தான். போய்த் திரும்பும் ஒயர் ஒரு வளையம் ஆகிவிடுகிறது, அந்த வளையத்துக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் புகுந்துகொள்கிறது. இதை ஷீல்டு தடுக்காது. டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் சாய்த்துப் பிடித்துச் சுற்றினால் ஹம் ஏறி இறங்கியது, சந்தேகம் தீர்ந்தது. (ப்ரைமரி முனைகளில் டேப் சுற்றாமல் இதைச் செய்யாதீர்கள்.)

சிக்னலை முகப்புக்கு அனுப்பாமல் இருக்க நல்ல வழி ரிலே, அதாவது காயிலில் கரண்ட் கொடுத்தால் தானே இழுக்கும் சுவிட்ச். ரிச்சி தெருவில் வழக்கமாகப் போகும் கடையில் கேட்டேன்.

“லோடு எவ்ளோ சார்?”

“லோடே கிடையாது தம்பி. பாட்டு சிக்னல், மில்லிவோல்ட்.”

அவர் எடுத்து வைத்திருந்த சுகர் கியூப் ரிலேயை உள்ளே தள்ளிவிட்டு, எட்டுக் கால் உள்ள சின்ன சிக்னல் ரிலேயைத் தந்தார். விஷயம் தெரிந்தவர். 10 ஆம்பியர் ரிலேயின் தொடுமுனை பெரிய கரண்டுக்கானது. அதன் மேல் படியும் கறையை மில்லிவோல்ட் சிக்னலால் உடைக்க முடியாது, ஆறு மாதத்தில் ஒரு பக்கம் கரகரக்கும். நான் வாங்கியது 12 வோல்ட் காயில், டபுள் போல். காயில் 288 ஓம், ஆகவே 42 மில்லிஆம்பியர். 12 டெசிபலுக்கு ஒன்று, 18-க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு போல் இடது சேனலுக்கு, இன்னொன்று வலதுக்கு.

இரண்டு அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம் டாட் போர்டு வெட்டி, ரிலே இரண்டையும் ரெசிஸ்டர்களையும் இரண்டு 220 மைக்ரோவையும் அதில் ஏற்றி, ஐசிக்கு நேர் மேலே ஸ்பேசர் வைத்து மாட்டினேன். 2-ஆம் காலுக்கும் 6-ஆம் காலுக்கும் போகும் ஒயர் இப்போது இரண்டு சென்டிமீட்டர்தான். ஃபீட்பேக் 4.7கே-க்கு இணையாக 47 பைக்கோ கண்டன்சரை மெயின் போர்டின் அடியில், ஐசி கால்களிலேயே நேராக ஈயம் வைத்தேன். ரெசிஸ்டர் எல்லாம் ஒரு சதவீத எம்எஃப்ஆர் (மெட்டல் ஃபிலிம்). மதிப்புக்குப் பத்து வாங்கி மீட்டரில் அளந்து, இடதுக்கும் வலதுக்கும் ஒரே அளவு காட்டிய ஜோடிகளைப் பொறுக்கிக்கொண்டேன். முகப்பில் அதே துளையில் அதே டாகிள். இப்போது அது ரிலேக்குப் போகும் டிசியைத்தான் மாற்றுகிறது, ஒயர் எவ்வளவு நீளம் இருந்தாலும் கவலை இல்லை.

ஹம் போய்விட்டது. பதிலுக்கு ஒரு ‘டிக்’ வந்தது! டொப் போல ஊஃபரில் இல்லை, கூர்மையாக ட்வீட்டரில். காயிலின் குறுக்கே 4007 டையோடு முதலிலேயே போட்டிருந்தேன், அது காரணம் இல்லை. காயிலின் கிரவுண்ட் ஒயரை வசதிக்காகப் பக்கத்தில் இருந்த சிக்னல் கிரவுண்டில் ஈயம் வைத்திருந்தேன். 42 மில்லிஆம்பியர் திடீரென அந்த ஒயரில் ஓடும்போது அதன் இரு முனைக்கும் நடுவே ஒரு துளி வோல்ட்டேஜ் எழும், அது பாட்டோடு சேர்ந்து பவர் ஆம்புக்குப் போகும். அந்த ஒயரை அங்கிருந்து எடுத்து, சப்ளையின் பெரிய ஃபில்டர் கண்டன்சர்கள் சேரும் இடத்தில் நேராக வைத்ததும் டிக் நின்றது. ரிலேக்கு 12 வோல்ட் தரும் 7812 ரெகுலேட்டரின் கிரவுண்ட் காலும் அங்கேதான்.

பவர் ஆம்பைக் கழற்றிவிட்டு அளந்தேன். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், 200 ஹெர்ட்ஸ். என்னுடையது போன்ற மலிவு மல்டிமீட்டர்கள் ஏசியை 400 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகக் காட்டும், ஆயிரத்தில் வைத்து அளந்தால் எண்ணை நம்ப முடியாது. வால்யூமை முழுக்கத் திறந்து, 3-ஆம் காலில் 0.100 வோல்ட் வரும்படி போனைச் சரிசெய்தேன். குறைந்த கெயினில் இடது 0.199, வலது 0.200. நடுவில் 0.413, 0.414. அதிகத்தில் 0.771, 0.768. கணக்குக்கு மிக அருகில். அவுட்புட் டிசி மூன்று நிலையிலும் −17-ஐ விட்டு நகரவில்லை.

இப்போது டேக்கில் ராத்திரி கேட்பது பத்து மணியில், பகலில் பதினொன்று. பன்னிரண்டில் வைத்தால் பேசிக்கொள்ள முடியாது. பாடுபவர் நடுவுக்கு வந்துவிட்டார். ட்வீட்டர் இரைச்சல் காதை ஒட்டி வைத்தால் மட்டும், அதுவும் பவர் ஆம்பின் சொந்தச் சரக்கு.

செலவு: ரிலே இரண்டு 170 ரூபாய், டாகிள் 35, எம்எஃப்ஆர் முப்பது 30, டாட் போர்டு 20, 7812 ஐசி 12, அதன் ஹீட் சிங்க் 10, 220 மைக்ரோ இரண்டு 10, டையோடு இரண்டு 4, பைக்கோ கண்டன்சர் இரண்டு 2. ஆக 293 ரூபாய். டிராயரில் தூங்கும் ரோட்டரி சுவிட்ச் 60-ஐச் சேர்த்தால் 353. ஹீட் சிங்க்கும் வீண்தான். ஒரு நேரத்தில் ஒரு ரிலேதான் இழுக்கிறது, அரை வாட்டுக்கும் குறைவு, 7812-ஐக் கையால் தொட முடிகிறது.

அடுத்த முறை செய்தால் 7812-ஐயே தூக்கிவிடுவேன். ரெகுலேட்டருக்கு முன்னால் 22 வோல்ட் இருக்கிறது, 24 வோல்ட் காயில் ரிலே அதிலேயே தாராளமாக இழுக்கும். டாகிளில் மேலே நடுத்தரம், நடுவில் குறைவு, கீழே அதிகம் என்ற வரிசை வீட்டில் வேறு யாருக்கும் புரிவதில்லை. ரிலே வந்த பிறகு முகப்பில் வெறும் டிசிதானே, மூன்று நிலை ஸ்லைடு சுவிட்ச் வைத்து வரிசையாக 6, 12, 18 என்று எழுதிவிடலாம். கண்டன்சர் முழுதாகச் சார்ஜ் ஆகப் பத்து வினாடி பிடிக்கிறது. அதனால் ப்ரீஆம்பை முதலில் போட்டு, பத்து வினாடி கழித்துத்தான் பவர் ஆம்பைப் போடுகிறேன், அணைக்கும்போது தலைகீழ். அவுட்புட்டில் தாமதமாக இழுக்கும் ஒரு மியூட் ரிலே வைத்தால் இந்த வரிசையை யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. டாட் போர்டில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது.